வினோலியா மேடம் சேர்த்துவைத்த நாலு குடும்பங்கள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல்மாடியில் குடும்ப ஆலோசனை மையம். அங்கே ஆலோசகராக இருக்கும் வினோலியா மேடத்தை ஊரில் பாதிப் பேர் வார்டு கவுன்சிலர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் ‘கவுன்சலிங்’ என்று எழுதி வைத்ததால் வந்த வினை. சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று கோபத்தோடு மாடி ஏறி வருவார்கள். வேறொருவராக இருந்தால் ‘நான் அந்தக் கவுன்சிலர் இல்லை’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார். மேடத்துக்கு எதையும் ஒரே வரியில் முடிக்கத் தெரியாது. வந்தவரை உட்காரவைத்து, சாக்கடையில் ஆரம்பித்து, வீட்டில் யார் யார், மருமகள் எப்படி, பேரன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறானா என்று விசாரித்துக்கொண்டே போவார். கடைசியில், வந்த ஆள் சாக்கடையை மறந்து, மருமகளை நினைத்து மூக்கைச் சிந்திவிட்டு இறங்கிப் போவார்.

மேடத்துக்குச் சொந்த ஊர் பஞ்சம்பட்டி. வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் கணக்கு வாத்தியார். “எங்க வீட்டம்மா ‘சரி’ன்னு சொல்றதுக்கே முன்னுரை, முடிவுரை ரெண்டும் இருக்கும் சார்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. பல வருடம் பழகிய களைப்புதான் தெரிந்தது.

அந்த மையத்தை முன்பு ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்திவந்தது. அரசு கொடுக்கும் மானியத்தில், ஆடி அசைந்து நடந்தது. மேடம், ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க முத்துச்சாமி. மொத்த ஆபீசும் அவ்வளவுதான். ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை எத்தனை நாளில் தீரும் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த சண்டை வரும்வரை தீர்ந்திருந்தால் போதும்.

பிறகு காலம் மாறியது. செலவழிக்கிற பணத்துக்குப் பலன் இவ்வளவு என்று காட்டவேண்டும், குடும்ப நலமானாலும் குழந்தை நலமானாலும் போட்டி இருந்தால்தான் தரம் இருக்கும் என்று மேலே முடிவானது. டெண்டர் விட்டார்கள். யார் குறைந்த விலைக்குக் குடும்பங்களைச் சேர்த்துவைப்பார்களோ அவர்களுக்கு மையம். தொண்டு நிறுவனத்தின் பெரியவர் தன் வாழ்நாளில் விலைப்புள்ளி எழுதியவர் அல்ல. ‘நல்லுறவு சர்வீசஸ்’ என்ற கம்பெனி வந்தது. மேடத்தை அதே நாற்காலியில், ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். முத்துச்சாமி அதிகப்படிச் செலவு என்று நிறுத்தப்பட்டார். அவர் நின்ற இடத்தில், மாடிப்படி வாசலில், இடுப்புயரக் கம்பியில் பொருத்திய ஒரு டேப்லெட் வந்து நின்றது. பேரையும் போன் நம்பரையும் அழுத்தினால் நேரம் கொடுக்கும்.

கம்பெனியின் மண்டல மேலாளர் செழியன், கோயம்புத்தூர்ப் பையன். எம்.பி.ஏ. படித்தவர், மரியாதையானவர். முதல் நாள் மேடத்துக்கு விதிகளை விளக்கியபோது, ஜெராக்ஸ் போட்ட தாள்களைக் கொடுக்க நானும் மேலே போயிருந்தேன்.

“ஒரு கஸ்டமருக்கு நாப்பது நிமிசமுங்க மேடம். மொத்தம் மூணு சிட்டிங். மூணாவதோட கேஸ் குளோஸ் ஆயிருமுங்க.”

“தீரலைன்னா?”

“குளோஸ் ஆயிருமுங்க.”

“அது இல்ல தம்பி. பிரச்சினை தீரலைன்னா?”

செழியன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். “சிஸ்டத்துல குளோஸ் ஆயிருச்சுன்னா தீந்த மாதிரித்தானுங்க.”

முடித்த ஒவ்வொரு கேசுக்கும்தான் கம்பெனிக்குப் பணம் வரும். ஒருமுறை கேஸ் முடிந்தவர் ஆறு மாதத்துக்குத் திரும்பப் பதிய முடியாது. முடிந்ததும் அவருடைய போனுக்கு ஒரு செய்தி போகும். அதில் நட்சத்திரம் போடவேண்டும். ‘சமரசமா, நட்சத்திரமா?’ என்று மேடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. செழியனுக்கும் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஃபர்ஹீன் வந்தாள். ஏழு வயது. பேகம்பூர்ப் பக்கம் வீடு. வகுப்பில் இரண்டு மாதமாக வாயே திறப்பதில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். அப்பா இஷாக் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். அம்மா கமர்ஜஹான் வீட்டில் நைட்டி தைப்பவள். மேடம் முதல் அமர்விலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. எல்லாப் பேச்சும் பிள்ளை வழியாகத்தான். “ஒங்கத்தாட்ட சிலிண்டர் தீந்துபோச்சுன்னு சொல்லு.” “ஒங்கம்மாட்ட, நேத்தே சொல்றதுக்கென்னன்னு கேளு.” காலையிலிருந்து ராத்திரிவரை இரண்டு பக்கமும் தபால் சுமந்த களைப்பில், பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயை மூடி ஓய்வெடுத்திருக்கிறாள்.

கடைக்கு ஆன்லைன் ஆர்டர் வந்ததிலிருந்து இஷாக் வீடு திரும்பவே நேரங்கெட்ட நேரமாகிவிட்டது. பிரியாணி வாசனையிலேயே கிடந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும் வேண்டும். ஊருக்கே பிரியாணி போடுகிற மனுஷன் தனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவதில்லை என்பது கமர்ஜஹானின் குறை. சண்டை இவ்வளவுதானா என்று நான் கேட்டேன். “எல்லாச் சண்டையும் இம்புட்டுத்தான் சார். உள்ள போகப் போகத்தான் கெணறு” என்றார் மேடம்.

கிணற்றில் பாதி இறங்குவதற்குள் மூன்று அமர்வும் முடிந்துவிட்டன. மூன்றாவது அமர்வின் கடைசியில் கமர்ஜஹான் முதல்முறையாகப் புருஷன் முகத்தைப் பார்த்து, “ஃபேனைப் போடச் சொல்லு” என்றாள். ‘சொல்லு’ இன்னும் மிச்சம் இருந்தது, ஆனாலும் முன்னேற்றம். அதற்குள் கேஸ் குளோஸ். இஷாக் போனுக்குச் செய்தி போனது. அவர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார்.

மேடம் கூப்பிட்டுக் கேட்டார். “ஏன்ப்பா, ஒங்க பிரச்சினைதான் தீரலயே?”

“தீரலம்மா. அதுக்காகக் கொறச்சுப் போட முடியுமா? எங்க கடைக்கு எவனாவது ஒரு ஸ்டார் போட்டான்னா மொதலாளி என்னையத்தான் நிப்பாட்டி வச்சுக் கேக்குறாரு. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

மேடத்துக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்ற கரிசனத்தால் ஒரு மனிதர் தன் குடும்பக் கேசை முடித்துவைத்துவிட்டார். மேடம் அன்றைக்கு வெகுநேரம் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கமர்ஜஹானை வரவழைத்து, அவள் பெயரில், அவள் நம்பரில், ‘கணவர் மீது வருத்தம்’ என்று புதிதாகப் பதியச் சொன்னார். இன்னும் மூன்று அமர்வுகள் கிடைத்தன. அவையும் தீர்ந்ததும் மாமியார் ஜைத்தூனுக்கு ஆள் போனது.

“எனக்கு மருமக மேல கொறை ஒண்ணும் இல்லியே தாயி.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

ஜைத்தூன் யோசித்தார். “யோசிச்சா நெறய இருக்கு.”

நாலாவதாக, இஷாக்கின் கல்யாணமாகாத தம்பி ‘வீட்டில் நிம்மதி இல்லை’ என்று பதிந்தான். யார் பெயரில் பதிந்தாலும் மொத்தக் குடும்பமும் வந்து உட்காரும். மேடமும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இந்த வழி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வேறு சில வீடுகளிலும் அத்தை, கொழுந்தன், சம்பந்தி என்று பதிவுகள் பெருகின.

கம்பெனியின் கணக்கில், திண்டுக்கல்லில் உறவுகள் மளமளவென்று சீராகிக்கொண்டிருந்தன. தென்மண்டலத்தில் முதலிடம். செழியன் இனிப்புப் பெட்டியோடு வந்து, மதுரையில் ஒரு ஓட்டலில் விழா நடக்கப்போவதாகவும், மேடத்துக்கு விருது என்றும் சொன்னார். மேடம் சிரித்தபடியே ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒன்று வந்தது.

வேலை போன முத்துச்சாமி அப்போதெல்லாம் என் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். எங்கே போவது என்று தெரியாததால் வேலைக்கு வருகிற நேரத்துக்கே வந்துவிடுவார். மறுநாள் மேடம் வந்ததும் அவர்தான் சொன்னார்.

“நேத்து ஒரு புள்ள கைக்கொழந்தையோட வந்துச்சும்மா. மேல போயிட்டு ஒடனே எறங்கிருச்சு. என்ன தாயின்னு கேட்டேன். இன்னைக்கு எடமில்ல, வேற நாள் வாங்கன்னு மிசின்ல எழுதியிருக்குன்னு சொல்லுச்சு. அழுதுக்கிட்டே போச்சு. ரெட்டியார்சத்திரமாம். பேரு அறிவுச்செல்வி.”

“எத்தன மணிக்கு?”

“மத்தியானம். அந்த பேகம்பூர் மாமியா இருந்தாகள்ல, அப்ப.”

முந்தின நாள் மத்தியானம் முழுக்க ஜைத்தூன் மருமகள் வைக்கும் மீன்குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நேரங்களில் அத்தைகளும் கொழுந்தன்களும். எல்லா நேரத்தையும் தானே நிரப்பிவைத்துவிட்டு, உண்மையிலேயே கதவைத் தட்டியவளை மேடம் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“நீங்க மேல இருந்திருந்தா அவளப் போக விட்டிருப்பீங்களாண்ணே?” என்று மேடம் கேட்டார்.

“செத்த நேரம் ஒக்காரு தாயின்னு சொல்லியிருப்பேன்” என்றார் முத்துச்சாமி.

மேடம் மாடி ஏறவில்லை. கைப்பையோடு அப்படியே திரும்பி ரெட்டியார்சத்திரம் பஸ் ஏறிவிட்டார். ஊரில் அங்கன்வாடியில் விசாரித்து, அறிவுச்செல்வி தங்கியிருந்த அம்மா வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அவள் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவள். மில்லுக்குள் இருந்த குழந்தைகள் காப்பகத்தை வெளியாருக்குக் குத்தகை விட்டுவிட்டார்கள். பணம் கட்டினால்தான் பிள்ளையை விடலாம். இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டினால் வேலைக்குப் போவதில் அர்த்தமில்லை, வீட்டில் இரு என்றிருக்கிறான் புருஷன். போவேன் என்றிருக்கிறாள் இவள். பேச்சு முற்றி, அணைக்கட்டுப் பக்கம் ஆத்தூரில் இருக்கும் புருஷன் வீட்டார் நாலு வயது மகனை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு இவளை அனுப்பிவிட்டார்கள். பையனைப் பார்த்துப் பத்து நாளாகிறது.

“நான் போலீசுக்குப் போகமாட்டேங்க்கா. யாராச்சும் வந்து எனக்காக ஒருவாட்டி பேசுனாப் போதும்னுதான் வந்தேன்” என்றாள்.

பேச ஆள் தேடி வந்தவளுக்கு, வினோலியா மேடத்தைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மேடம் ஆத்தூர் போனார். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஆரம்பித்த பேச்சு. மாமனார் பொறுக்கமாட்டாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். பாய்ச்சிவிட்டுத் திரும்பினால் மேடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் எழுந்து சமைத்தார். மேடம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொடுத்தபடியே பேசினார். புருஷன் முத்துராசு கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். கட்டிலின் மறுபக்கத்துக்கு மேடத்தின் நாற்காலி போனது. பையனோ அம்மா மடியை விட்டு நகரவில்லை.

பொழுது சாயும்போது முத்துராசு எழுந்து உட்கார்ந்தான். “யக்கா, போதும். பயல இப்ப அவளே கூட்டிக்கிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் நான் ஒங்க ஆபீசுக்கு வாரேன். இப்ப எனக்குத் தல வலிக்குது.”

மனம் மாறித்தான் சொன்னானா, தலைவலியில் சொன்னானா என்பது எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. எதுவானாலும் பையன் வந்தான், அது போதும் என்பார்.

அறிவுச்செல்வியோடும் பிள்ளைகளோடும் ஆத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது செழியனிடமிருந்து போன். ஆலோசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கம்பெனிக்குப் போனிலேயே தெரியும்.

“மேடம், காலைல இருந்து ஒரு சிட்டிங்கும் இல்லீங்களே. மேப்ல பாத்தா நீங்க டேம் பக்கத்துல இருக்கீங்க. லீவு போட்டுட்டு டூர் போயிட்டீங்களா?”

மேடம் பஸ் வரும்வரை எல்லாவற்றையும் சொன்னார். அறிவுச்செல்வியைச் சொன்னார், மிஷினைச் சொன்னார், பேகம்பூரின் நாலு குடும்பங்களும் ஒரே குடும்பம் என்பதையும் சொல்லிவிட்டார். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ‘தம்பி, தம்பி’ என்று கூப்பிட வேண்டியிருந்தது.

“இருக்கேனுங்க மேடம்” என்றது ஈனமான ஒரு குரல். “அந்தக் கணக்கக் காட்டித்தானுங்க நாங்க புதுசா மூணு மாவட்டம் எடுத்திருக்கோம்.”

விழாவில் எதுவும் சொல்லவேண்டாம், நன்றி மட்டும் போதும் என்று செழியன் கெஞ்சியிருக்கிறார். மேடத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் வணக்கம்கூடச் சொல்லி முடிக்கமாட்டார் என்பது அந்த ஓட்டலில் யாருக்கும் தெரியாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தவர், ஃபர்ஹீனில் ஆரம்பித்து, இஷாக்கின் ஐந்து நட்சத்திரம், ஜைத்தூனின் யோசனை என்று ஒன்றுவிடாமல் சொல்லி, “நான் நாலு குடும்பத்தச் சேத்துவைக்கல, ஒண்ணத்தான் அரைகொறையாச் சேத்திருக்கேன். அதுக்காக ஒருத்திய அழவிட்டு அனுப்பிட்டேன். இந்த விருது எனக்கு வேணாம்” என்று முடித்தார். கூட்டம் ஆரம்பம் முதல் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி வரிக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்ததாம்.

சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனியின் பெரிய அதிகாரி எழுந்தார். செழியன் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கைதட்டினார்.

“பாத்தீங்களா! ஒரே குடும்பத்துல இத்தன கஸ்டமர் இருக்காங்கன்னு இத்தன நாளா நமக்குத் தெரியாமப் போச்சே!”

அடுத்த மாதத்திலிருந்து அதை எல்லா மாவட்டத்துக்கும் நடைமுறையாக்கிவிட்டார்கள். ‘ஒரு குடும்பம், பல பதிவு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அறிவிப்பை நான்தான் ஜெராக்ஸ் போட்டேன். மதுரையிலிருந்து திரும்பும்போது மேடம் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, கூட வந்த செழியன் இரண்டு இடத்தில் காரை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் மேடம் தெளிந்துவிட்டார். செழியனை எதிரே உட்காரவைத்து, “விருத நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் காலைல ரெண்டு மணி நேரம் மிசின் இல்லாம வேணும், வாரவுக வரட்டும். அப்பறம் முத்துச்சாமி அண்ணன் வேணும்” என்றார்.

“நேரம்கூட எப்படியாச்சும் பாத்துக்கலாமுங்க. ஆனா அட்டெண்டர்னு ஒரு போஸ்டே எங்ககிட்ட இல்லீங்களே.”

“என்ன போஸ்ட் இருக்கு?”

செழியன் மடிக்கணினியில் வெகுநேரம் தேடினார். மண்டலத்தில் முதலிடம் வந்த மையத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மேலேயும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ‘கருவிப் பராமரிப்பு’ என்று ஒரு செலவினம் கிடைத்தது. அப்படித்தான் முத்துச்சாமி, தன் வேலையைப் பறித்த டேப்லெட்டைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். நன்றாகவே பராமரிக்கிறார். காலையில் துடைத்து, தூசி படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். காலை ஆட்கள் போனபிறகுதான் துண்டு விலகும்.

பேகம்பூர்க் குடும்பத்தில் இப்போது புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள். சத்தம் தெருவுக்கே கேட்கிறது என்று ஜைத்தூன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவாரம் இஷாக் ஒரு பொட்டலம் பிரியாணி கொண்டுபோயிருக்கிறார். அது இஷாக் போட்டதல்ல, கடையில் கூடமாட நிற்கும் தம்பி போட்ட பிரியாணி என்று கமர்ஜஹான் கண்டுபிடித்து அதற்கும் ஒரு சண்டை நடந்ததாம். ஃபர்ஹீன் வகுப்பில் ஓயாமல் பேசுவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. மேடம் அதைப் பதியவில்லை.

முத்துராசு சொன்னபடி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம், அவனுடைய அப்பா வந்தார். அவன் வரப் பயப்படுகிறான், தலைவலிக்கு என்றார். அறிவுச்செல்வியின் அம்மா இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, அவள் வேலைக்குப் போய்வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துராசு ரெட்டியார்சத்திரம் வந்து பையனைப் பார்க்கிறான். உள்ளே வருவதில்லை, வாசலோடு சரி. மேடம் இன்னும் ஒருமுறை ஆத்தூர் போவதாக இருக்கிறார்.

இதற்கிடையில் மறுபடி டெண்டர் வந்துவிட்டது. இந்த முறை ஆபீசே இல்லாமல், போனிலேயே குடும்பங்களைச் சேர்த்துவைப்பதாக இன்னும் மலிவாக ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். மார்ச்சோடு மாடி காலியாகுமா, ஆகாதா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் வருத்தம்தான், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் என்று மேலிருந்து வரும் வியாபாரம் கொஞ்சமில்லை.

நேற்று மாலை செழியன் வந்தார். கையில் எந்தத் தாளும் இல்லை. மேலே போனவர் நாற்காலியில் அமர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முத்துச்சாமி இறங்கிவந்து சொன்னார். ஒப்பந்தம் போனால் செழியனுக்கும் வேலை இல்லை. வீட்டுக்காரிக்குக் கோயம்புத்தூரில் பிரசவ நேரம். இவர் ஊர் ஊராகச் சுற்றுவதில் அந்தப் பெண் ஒருவாரமாகப் பேசவில்லை. எதுவானாலும் மாமியார் வழியாகத்தான் செய்தி வருகிறதாம்.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க தம்பி” என்றிருக்கிறார் மேடம்.

முத்துச்சாமி, செழியனுக்காகக் கோயம்புத்தூர் பஸ் நேரத்தை விசாரித்துவைக்க பஸ் நிலையத்துக்குப் போனார். நான் கடையைச் சாத்தும்போது மேலே பேச்சு இன்னும் முடியவில்லை, ஒரு பஸ் போயிருந்தது. அடுத்ததும் போயிருக்கும்.